புகை மாதிரி ஒன்று

அத்தியாயம் எட்டு

நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லிவைத்தவர் யாரோ, அவர் காரில் பலூன் வெடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

சென்ற வாரம் மெக்கானிக் கடையில் நின்றுகொண்டு மாஸ்டரம்மா தெரிந்துகொண்டது அவ்வளவுதான். முன்பக்கம் நசுங்கிக் கிடந்த அவள் தம்பியின் காரை மெக்கானிக் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எஞ்சின்ல கரியே இல்லையேம்மா. ஒரு வயர்கூடக் கருகலை. நீங்க பார்த்தது புகை இல்ல. ஏர்பேக் பலூன் வெடிச்சா உள்ளே வெள்ளையா தூள் பறக்கும். அதைத்தான் பார்த்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். அவனுக்கு அது வெறும் தகவல். அவளுக்குத் தலையில் விழுந்த இடி.

அந்த ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. ஸ்கூலில் இருக்கும் இரண்டு வண்டிகளும் கிழடு தட்டியவை. பிரேக்கும் கிளட்ச்சும் இரண்டிரண்டு உண்டே தவிர, பலூன் என்பது மருந்துக்கும் கிடையாது. இத்தனை வருடத்தில் அவள் ஒரு பலூன் வெடித்துப் பார்த்ததில்லை.

அன்று தம்பிதான் ஓட்டினான். அவள் பக்கத்து சீட்டில். குறுக்கே ஒரு சைக்கிள் வந்ததும் அவள் வலது கால் பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, வெறும் தரை. அவன் சைக்கிளைத் தவிர்த்துவிட்டுச் சாலையோரச் சுவரில் மோதினான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

தம்பி மனைவி சிட்டுவுக்கு முக்கால்வாசி தெரியும். வெள்ளையாக எழும்பியதைப் புகை என்று நினைத்து, வண்டி பற்றிக்கொள்ளப் போகிறது என்று பயந்து, அக்காதான் தம்பியை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள் என்பது வரை தெரியும். முதுகெலும்பு உடைந்தவனை அப்படி இழுக்கவே கூடாது. "மோதினப்பவே தண்டுவடம் நசுங்கியிருக்கலாம், இழுத்தப்பவும் நசுங்கியிருக்கலாம். எதுன்னு எங்களால சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னதும் சிட்டுவுக்குத் தெரியும்.

தம்பிக்குத் தெரிந்தது வேறு கதை. நினைவு திரும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என்னை யாருக்கா வெளியே எடுத்தாங்க?" அவள் வாயில் அந்த நேரத்தில் வந்தது, "தெரியலடா. வண்டியில புகை வந்துச்சு. வழியில போனவங்க யாரோ இழுத்தாங்க."

ஒரு பொய் சொன்னோமா, அதோடு முடிந்ததா என்று இருந்திருந்தால் பரவாயில்லை. தம்பி அந்த 'யாரோ'வைத் தேடத் தொடங்கிவிட்டான். சண்டை போட அல்ல. நன்றி சொல்ல.

இன்று மாலை அந்த 'யாரோ' ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கார் மோதிய இடத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் என்று தம்பி விட்ட ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

* * *

காலையில் வகுப்பு இருந்தது. புது பேட்ச். கரும்பலகையில் அவளே எழுதிய தலைப்பு அவளை முறைத்துப் பார்த்தது: விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். வண்டியை நிறுத்து, ஓடிப்போகாதே. இரண்டு பக்க விளக்கையும் மினுக்க விடு. சாவியைத் திருப்பி எஞ்சினை அணை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. அப்புறம் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு: அடிபட்டவரை அசைக்காதே. இந்த இடத்தில் எப்போதும் ஒரு வசனம் வைத்திருப்பாள். "ரோட்டுல கிடக்கிறது மூட்டை இல்ல, மனுஷன். நல்லெண்ணத்துல நாலு பேர் நாலு பக்கம் இழுத்தா, நடக்க வேண்டியவன் நடக்க மாட்டான்." வகுப்பு சிரிக்கும்.

இன்று அந்த வசனத்தை விட்டுவிட்டாள். சாக்பீஸால் அடிக்கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டாள்.

முன் வரிசையில் இருந்த பல் டாக்டரம்மா கை தூக்கினார். "வண்டியில புகை வந்தா என்ன பண்றது மேடம்? அப்பவும் அசைக்கக் கூடாதா?"

"தீ தெரிஞ்சா வேற வழியில்ல. இழுத்துத்தான் ஆகணும்" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா புகைதானான்னு பாருங்க. புது வண்டியில பலூன் வெடிச்சா உள்ளே வெள்ளையா தூள் பறக்கும். பட்டாசு வாசனை வரும். பார்க்க அசல் புகை மாதிரியே இருக்கும். கொஞ்சம் பொறுத்தா தானா அடங்கிடும்."

"எங்க வீட்டுக்காரரும் உங்ககிட்டதான் கத்துக்கிட்டார். அவர் இதைச் சொன்னதே இல்லையே?"

"அப்ப எனக்குத் தெரியாதும்மா."

வகுப்பை அதோடு விட்டாள். ஊருக்கு உபதேசம் செய்தே வயிறு வளர்த்தவள், உபதேசத்தில் ஒரு வரி குறைந்துபோனதற்குத் தன் தம்பியையே விலையாகக் கொடுத்திருக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பஞ்சர்காரர் வருவதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் தம்பி இருப்பான், தம்பி பாசம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

* * *

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்கிவிட்டவன் இப்போது மூன்றாவது மாடியில் படுத்த படுக்கையாக, காரிடார் கடைசியில் இருக்கும் லிஃப்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பொழுதை ஓட்டுகிறான்.

அவள் உள்ளே நுழைந்தபோது சிட்டு அவனுக்குச் சவரம் செய்து முடித்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. தலையை வகிடெடுத்து வாரியிருந்தது.

"என்னடா, பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"அதைவிடப் பெரிய ஆளு வர்றாருக்கா. உயிர் கொடுத்த தெய்வம்." சிரித்தான். உடனே விரலை உயர்த்தினான். "கேளு, கேளு. லிஃப்ட் நிக்குது பாரு... ஒரு இழுப்பு இழுத்துட்டு நிக்குது. பிரேக் தேஞ்சுபோச்சு. என்னைக்காவது ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கப் போகுது. நீங்க ரெண்டு பேரும் படியிலேயே போங்கன்னு தினமும் கத்துறேன், யார் கேக்கிறா?"

"படியேறி வந்தா எங்க கால் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் சிட்டு. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லடி. பட்ட கால்லயே படும்னு சொல்வாங்க. எனக்கு அந்தக் கவலையே விட்டுச்சு. இனிமே பட்டாலும் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் காட்டிலும் அவன் அழுதிருக்கலாம்.

அவனைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேளை ஆகியிருந்தது. ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். நர்ஸ் கற்றுக்கொடுத்தபடி சிட்டு தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்தாள். மாஸ்டரம்மா இடுப்புக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும். கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போகாமல், முழு உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு." காலையும் மாலையும் அவள் வந்து செய்கிற வேலை இது. ஒவ்வொரு முறையும் அந்தக் கால்களின் கனம் அவள் கையில் தங்கிவிடும்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவன் முகம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய சின்னப் பையன் முகம் மாதிரி பளிச்சென்று இருந்தது. "சட்டைக் காலர் மடிஞ்சிருக்கு" என்றாள். அதை நீவிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

சிட்டு பின்னாலேயே வந்தாள். "அண்ணி, இப்ப எதுவும் சொல்லிடாதீங்க. அந்த பஞ்சர்காரர்கிட்ட நான் போன்லயே பேசிட்டேன்."

"என்ன பேசின?"

"அவர்தான் தூக்குனதா இருக்கட்டும்னு கேட்டேன். முதல்ல மாட்டேன்னார். அழுதேன். அப்புறம் சரின்னார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவர் இப்ப சாப்பிடுறதும் தூங்குறதும் யாரோ காப்பாத்தினாங்கங்கிற அந்த ஒரே நினைப்புலதான். அதையும் பிடுங்கிட்டா என்ன மிஞ்சும்? உங்களைக் காப்பாத்த சொல்லலை அண்ணி. அவருக்காகச் சொல்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள் இந்தப் பெண். ஆனால் சோறு போட்டவள் யார்? நான்தானே என்று நினைத்தாள் மாஸ்டரம்மா.

* * *

பஞ்சர்காரர் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நரைத்த மீசை, தேய்த்துக் கழுவியும் கறுப்பு போகாத விரல்கள். கையில் ஒரு துணிப்பை. வாசலில் மாஸ்டரம்மாவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். அவருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

தம்பி இரண்டு கைகளையும் நீட்டினான். அவர் தயங்கித் தயங்கிக் கையைக் கொடுத்தார். அவன் அந்தக் கறுத்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"உங்களுக்கு நான் என்னய்யா செய்யப் போறேன்? பெத்தவங்களுக்கு அப்புறம் நீங்கதான்."

"அய்யய்யோ, பெரிய வார்த்தையெல்லாம் வேணாம் சார்." அவர் பையைத் திறந்தார். "இது உங்களோடதுதானே? ரோட்டோரமா கிடந்துச்சு. தேடிக்கிட்டு வருவீங்கன்னு கடையிலேயே எடுத்து வெச்சிருந்தேன்."

இடது கால் ஷூ. இழுத்தபோது கழன்று விழுந்தது. மனிதர் அதைத் துடைத்து, பாலிஷ் போட்டு, புது லேஸும் கோத்திருந்தார்.

தம்பி அதை வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லைங்க. நீங்க தூக்கினப்ப நான் முழிச்சிருந்தேனா? ஏதாவது சொன்னேனா?"

பஞ்சர்காரர் சிட்டுவைப் பார்த்தார். சிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டீங்க சார்" என்றார். "தண்ணி... தண்ணின்னு."

"நீங்க குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

அவன் மறுபடியும் அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். பாவம், அந்த மனிதர் தன் கை நெருப்பில் இருப்பதைப் போல நெளிந்தார். பொய் சொல்லிப் பழகாதவர். யாரோ ஒரு பெண் அழுதாளே என்று இரங்கி வந்து, தனக்குச் சேராத கண்ணீரை வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

மாஸ்டரம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவர் இல்லடா" என்றாள். "நான்."

"அண்ணி!" என்றாள் சிட்டு.

"நான்தான் உன்னை இழுத்து வெளியே போட்டேன். அவர் ஓடி வந்தப்ப நீ ஏற்கனவே தரையில கிடந்த. அவர் மேல தப்பில்ல. நாங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னார்."

பஞ்சர்காரர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க சார். நான் ஆம்புலன்ஸுக்கு மட்டும்தான் போன் போட்டேன்" என்றவர், எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார்.

தம்பி அக்காவையே பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் சிரித்தான்!

"அடிப்பாவி! நீயா? அதை ஏன்கா மறைச்சே? புகை வர்ற வண்டிக்குள்ள புகுந்து என்னைத் தூக்கியிருக்க... நான் ஊரெல்லாம் ஆள் விட்டுத் தேடுறேன், நீ பக்கத்துலேயே நின்னு மோர் கொடுக்கிற! சிட்டு, கேட்டியா? எங்க அக்காடி! நான் என்ன எடை, அவ என்ன எடை!" அவன் கண்ணில் நீர் வழிந்தது. "உனக்குன்னு ஒண்ணுமே சொல்லிக்க மாட்டியேக்கா நீ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பெருமையை எங்கே வைத்துக்கொள்வது? சிட்டு கண்ணாலேயே கெஞ்சினாள்: போதும் அண்ணி, இதோடு நிறுத்துங்கள். நல்லபடியாக முடிந்துவிட்டது.

நிறுத்தியிருக்கலாம்தான். சாகும்வரை தம்பிக்கு உயிர் கொடுத்த அக்காவாக வாழ்ந்திருக்கலாம்.

"அது புகை இல்லடா."

"என்னது?"

"மெக்கானிக் பார்த்துட்டான். வண்டியில தீயே பிடிக்கலை. பலூன் வெடிச்ச தூள் அது. எனக்குத் தெரியலை. புகைன்னு நினைச்சுப் பயந்துட்டேன். அசைக்காதே, அசைக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு, உன்னை நானே..."

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. ஆனாலும் அவன் நல்லவன். அக்காவுக்காக வழி தேடினான்.

"சரி விடு. டாக்டர் என்கிட்டயும்தான் சொன்னாரே, மோதினப்பவே போயிருக்கலாம்னு. நீ இழுத்ததாலன்னு எவன் சொல்றது? யாருக்கும் தெரியாது."

அவள் பார்வை ஷூவின் மேல் போனது.

"யாருக்கும் தெரியாதுல்லக்கா?"

லிஃப்ட் கீழேயிருந்து ஏறி வரும் சத்தம் கேட்டது. அவன் காதை அந்தப் பக்கம் கொடுக்கவில்லை.

"நான் தண்ணியா கேட்டேன்? உண்மையைச் சொல்லு. வண்டிக்குள்ள இருந்தப்ப நான் என்ன சொன்னேன்?"

அவனுக்கு நினைவில்லை. வேறு சாட்சி கிடையாது. தண்ணீர்தான் கேட்டாய் என்று சொல்லிவிட்டால் அதுவே உண்மையாகிவிடும். இரவெல்லாம் அவளை எழுப்புகிற அந்த ஒரு வாக்கியம் அவளோடு மண்ணுக்குப் போய்விடும்.

"கால் வலிக்குதுன்னு சொன்னடா" என்றாள். "அக்கா, கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு ரெண்டு தடவை சொன்ன. அப்புறம்தான் நான் இழுத்தேன். வெளியே வந்தப்புறம் நீ அதைச் சொல்லவே இல்ல."

சிட்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இது அவளுக்கும் புதிது.

தம்பி வயிற்றின் மேலிருந்த ஷூவைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் எந்த வயர் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துச் சோறு தின்றவன் அவன். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வலிச்சுதா?" என்றான். அவன் குரல் சின்னதாக இருந்தது. "அப்போ லைன் இருந்திருக்கு."

"தம்பி..."

"அப்ப வரைக்கும் இருந்திருக்கு."

அவன் அழவில்லை, கத்தவில்லை. முகத்தை அவளிடமிருந்து திருப்பிக்கொள்ளப் பார்த்தான். கழுத்துக்குப் பட்டை போட்டிருந்தது. தலை கொஞ்சம் அசைந்து நின்றது. கைகளை ஊன்றினான். இடுப்புக்குக் கீழே உடம்பு கூட வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்குக்கூட அவனுக்கு இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது.

"சிட்டு" என்றான். "என்னை அந்தப் பக்கம் திருப்பி விடு."

சிட்டு ஒருத்தியால் முடியாது. வெளியே எட்டிப் பார்த்தாள். நர்ஸ் அடுத்த வார்டில் இருந்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் பார்த்தாள்.

மாஸ்டரம்மா கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள். வழக்கமாக நிற்கிற இடம். ஷூவை எடுத்து நாற்காலியில் வைத்தாள். ஒரு கை இடுப்புக்குக் கீழே, ஒரு கை முழங்காலுக்குக் கீழே.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் சிட்டு அழுதுகொண்டே.

திருப்பினார்கள். கழுத்து, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே கட்டையாக. ஒரு பிசகு இல்லை. முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றை வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். அவன் இப்போது சுவரைப் பார்த்துக் கிடந்தான்.

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள்.

"அக்கா."

நின்றாள். அவன் சுவரிடம்தான் பேசினான்.

"அந்த லிஃப்ட்ல போகாத. படியில இறங்கிப் போ."

சிட்டு கட்டிலோரமாக உட்கார்ந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மாஸ்டரம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். கண்ணீரில் படி தெரியவில்லை. நாளைக்கு வா என்றும் அவன் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. காலையில் அவனைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும்.